நான் மாற்றிக் காட்டிய ஏரி

சேகரு,

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நன்றாக இல்லை என்பது எனக்குத் தெரியும். பத்து நாளாக அம்மாவிடம் மட்டும்தான் போனில் பேசுகிறாய். நான் வாங்கிக் காதில் வைத்தால் "சிக்னல் இல்ல நைனா" என்கிறாய். பழவேற்காட்டுக் குப்பத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்குச் சிக்னல் இருக்கிறது, சென்னையில் நாலாவது மாடியில் இருக்கிற உனக்கு இல்லையாம். என் வயிற்றில் பிறந்தவனுக்குப் பொய் சொல்லக்கூடச் சரியாக வரவில்லையே என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "அது உன் வயித்துல பொறக்கல, என் வயித்துல பொறந்துச்சு, அதான் வரல" என்றாள். சரிதான். பொய் சொல்வதில் இந்தக் குப்பத்திலேயே கைதேர்ந்தவன் நான். அப்படி நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இதை நான் ஒட்டி அனுப்பப் போவதில்லை. முதலில் வலைக்கூடத்தில் ஊர் கூடியிருக்கும்போது படிப்பார்கள். ஊர்த் தலைவர் கோதண்டம் படிப்பான். என்மேல் குற்றம் இருக்கிற கடிதம் என்றால் மைக் வைத்துப் படிக்கக்கூட அவன் தயார். அதற்குப் பிறகுதான் உனக்குத் தபாலில் வரும். உனக்குச் செய்த தப்பு என்றால் உன்னோடு முடித்துக்கொள்வேன். இது ஊருக்கும் செய்தது, ஏரிக்கும் செய்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், பேப்பரில் வருகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன். எழுத்து நண்டு ஓடின மணல் மாதிரி இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

ஆடி மாதம் நீ வந்தாயே, அந்த நாளிலிருந்து தொடங்குகிறேன். கையில் நீளமாக ஒரு குழாய். தன் கல்யாணத்துக்கு ஜமக்காளம் வாங்கி வந்துவிட்டான் பையன் என்று நினைத்தேன். நீ அதைத் திறந்து தரையில் விரித்தாய். நாலு மூலைக்கும் நாலு பொருள் வைத்தாய், அதில் ஒன்று என் மூக்குக் கண்ணாடி. உன் அம்மா மீன் கழுவின கையைப் புடவையில் மூன்று முறை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "நைனா, இத பாரு. சிட்டி இன்னும் இருவது வருசத்துல எப்படி வளரணும்னு போடற மேப்பு. இந்த வடக்குத் துண்டு முழுக்க நான் வரைஞ்சது. நம்ம ஏரி நைனா!" என்றாய். உன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை, பரீட்சையில் தேறின அன்றுகூட இல்லை.

மேப்பில் வயல் பச்சையாக இருந்தது. ஏரி இளநீலம். ஏரிக்குள் ஓர் இடத்தில் நீலக்கோடு நெருக்கமாகப் போட்டிருந்தாய். "இது மீனவர் தொழில் பண்ற எடம், இங்க யாரும் கைவெக்கக் கூடாதுன்னு போட்டிருக்கோம்" என்றாய். இன்னோர் இடம் மண் நிறத்தில் இருந்தது. "இது ஆழமில்லாத எடம். யாருக்கும் பயன்படல. இங்க மண்ணு கொட்டி மேடாக்கி, சரக்குக் கிடங்கும் ரோடும் வரலாம்." அப்புறம் தடிப் புத்தகம் ஒன்றைப் பிரித்து, நகரத்துக்கு எது முக்கியம் என்ற பட்டியலையும் வாசித்தாய். முதலில் ரோடு, அடுத்து வீடு, அடுத்து தொழிற்சாலை. தண்ணீர், ஏரி, ஆறு எல்லாம் கடைசிப் பக்கத்தில் இருந்தன. சாப்பிட்டு இலை எடுத்த பிறகு டம்ளரில் தண்ணீர் வைக்கிற பந்தி மாதிரி இருக்கிறதே என்று கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். பிறகு கேட்டாய்: "எல்லாம் சரியா கீதா நைனா?"

நான் பார்த்தேன் சேகரு. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. நீலக்கோடு போட்டு நீ காப்பாற்றி வைத்திருந்த இடம் பாசிச் சேறு. அங்கே மீன் வழி தவறித்தான் வரும். மண் நிறம் பூசி வைத்திருந்த இடம் நம் ஊர் வலை போடுகிற நடுப்பாடு. இந்தக் குப்பம் முழுக்கச் சோறு தின்பது அங்கேதான். உன் முகத்தைப் பார்த்தேன். "சோக்கா கீது" என்று சொல்லிவிட்டேன். அது நான் செய்த இரண்டாவது தப்பு. முதலாவதுக்கு இப்போது வருகிறேன்.

நீ காலேஜில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, சுண்ணாம்புக்குளம் பக்கத்திலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஒல்லி ஆள். ஏரியை அளக்க வந்தோம் என்றார்கள். அந்த ஆள் கையில் ஒரு மிஷின், அந்தப் பெண் கையில் நோட்டு. யார் படகில் ஏற்றிக்கொள்வது என்று பேச்சு வந்தபோது எல்லாரும் என்னைக் காட்டினார்கள். வெளியாளைக் கலாய்க்க வேண்டுமென்றால் ஊர் என்னைத்தானே கூப்பிடும். என் படகுக் கூட்டாளி மாரி கழி ஊன்றினான், நான் முன்னால் உட்கார்ந்து வழி காட்டினேன்.

"உங்க ஊர் ஆளுங்க எந்த எடத்துல வலை போடுவீங்கய்யா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அதோ ஒரு கொக்கு நிக்குது பாருங்கம்மா, அங்கதான். வலைய எறக்கினா தூக்க நாலு ஆள் வேணும்."

"அவ்ளோ மீன் இருந்தா ஏன் ஒரே ஒரு கொக்கு நிக்குது?"

"மத்ததெல்லாம் வயிறு ரொம்பி வூட்டுக்குப் போயிடுச்சும்மா. இது கொஞ்சம் சோம்பேறி."

மாரி துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினான். அந்த ஒல்லி ஆள் மிஷினைப் பார்த்து எண்களைச் சொன்னான், அவள் எழுதிக்கொண்டாள். திரும்பும்போது படகு நடுப்பாட்டின் மேலேயே வந்தது. "இங்க எதுவும் போடறதில்லையா?" என்று கேட்டாள். "இங்க இன்னாம்மா கீது? பல்லு போன கெழவன் வாய் மாதிரி. என் வாய் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன்" என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். கரைக்கு வந்ததும் நோட்டில் கையெழுத்து கேட்டாள். கலெக்டர் மாதிரி நீட்டிப் போட்டேன். வெயிலில் அவள் முகமெல்லாம் சிவந்து கிடந்தது. இரண்டு கையையும் கூப்பி, "ரொம்ப நன்றிங்கய்யா. நீங்க இல்லன்னா எங்களுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்றாள். டீக்கடையில் அந்த வாக்கியத்தை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டி ஒரு வாரம் எல்லாரையும் சிரிக்க வைத்தேன். இப்போது அது நினைவுக்கு வந்தால் காறித் துப்பத் தோன்றுகிறது. அவளைப் பார்த்து இல்லை.

இதை நான் ஏன் செய்தேன் என்று உனக்குப் புரிய வேண்டுமானால் பாடு என்றால் என்ன என்று தெரிய வேண்டும். அதை நான் உனக்குச் சொன்னதே இல்லை. ஏரியில் நம் ஊருக்கென்று சில இடங்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு பாடு. எந்த நாளில் யார் எந்தப் பாட்டுக்குப் போவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். வலியவன் தினமும் நல்ல இடத்தில் உட்கார்ந்துகொள்ள முடியாது, எளியவன் முறை வந்தால் அவனுக்கும் நடுப்பாடு உண்டு. கல்யாணம் ஆனவுடன் ஓர் ஆள் தலைக்கட்டு ஆகிறான். அவன் பெயர் ஊர் நோட்டில் ஏறும். அன்றைக்குத்தான் பெரியவர்கள் அவனைப் படகில் கூட்டிக்கொண்டு போய், இந்தப் பாடு எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, கரையில் எந்தப் பனையும் எந்த மேடும் ஒரே நேராகத் தெரிந்தால் எல்லை என்று காட்டுவார்கள். கங்கையம்மன் மேல் சத்தியம் வாங்குவார்கள், நோட்டில் பெயர் இல்லாதவனுக்குக் காட்டமாட்டேன் என்று. நானும் பண்ணியிருக்கிறேன்.

அதனால் அந்த இரண்டு பேருக்கும் காட்டாமல் இருந்தது தப்பில்லை. "சொல்லக்கூடாதும்மா, ஊரைக் கேட்டுக்கோங்க" என்று சொல்லியிருந்தால் அவள் அப்படியே எழுதிக்கொண்டு போயிருப்பாள். காட்டாதே என்றுதான் சத்தியம். மாற்றிக் காட்டு என்று கங்கையம்மன் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு. ஒரு நோட்டில் எழுதினது எத்தனை வருடம் கழித்து எங்கே போய் முளைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லும் பொய்யெல்லாம் சாயங்காலத்துக்குள் டீயோடு கரைந்துவிடும் என்று நினைத்தே வாழ்ந்தவன்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, வெளியூர்க்காரி. நீ இந்தக் குப்பத்தில் பிறந்தவன். அந்த எண்கள் உன் கம்ப்யூட்டருக்கு வந்தபோது, "இது தப்பாச்சே, நடுப்பாடு அங்க இல்லையே" என்று உன் கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஏனென்றால் உனக்கும் நான் காட்டவில்லை. ஊர் முறை இருக்கட்டும். கல்யாணத்துக்கு முன்னால் எல்லை காட்டமாட்டார்களே தவிர, அப்பன்கூட ஏரிக்குப் போகிற பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே தெரிந்துவிடும். நான் உன்னைப் படகிலேயே ஏற்றவில்லை. ஆறு வயதில் நீ கேட்டாய், "நைனா, எறா எங்கேர்ந்து வருது?" "பொன்னேரி மார்க்கெட்லேர்ந்து" என்றேன். நீ நம்பினாய். பள்ளிக்கூடத்திலும் போய் அப்படியே சொன்னாயாம், வாத்தியார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். நானும் சிரித்தேன். முகத்துவாரம் மணல் மூடி மூடி வருடத்துக்கு வருடம் ஏரி மெலிந்துகொண்டிருந்தது. என் பிள்ளை இதில் காலை வைக்கவே கூடாது என்று நினைத்தேன். மீஞ்சூரில் அத்தை வீட்டில் விட்டுப் படிக்க வைத்தேன். மீஞ்சூர் ஸ்டேஷனில் இஸ்திரி போட்ட சட்டையோடு நீ காலேஜுக்கு ரயில் ஏறினபோது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஏரியைப் பற்றி எதுவும் தெரியாத பிள்ளையை ஏரிக்கு மேப்பு போடுகிற வேலைக்கு அனுப்பி வைத்திருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

ஆடியிலிருந்து ஐப்பசி வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. பேப்பரில்தானே இருக்கிறது, எத்தனை திட்டம் பேப்பரிலேயே செத்திருக்கிறது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அப்புறம் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மேடையில் ஓர் அதிகாரி, பக்கத்தில் திரை, அதில் உன் மேப்பு. நீ ஓரத்தில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்தாய். சுற்று வட்டாரக் குப்பத்து ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். திரையில் மண் நிறத்தைப் பார்த்ததும் நம் ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மாரி மட்டும் தரையைப் பார்த்தான்.

எழுந்து நின்றேன். "ஐயா, அந்த மேப்பு தப்பு. அளக்க வந்தவங்களுக்கு எடத்த மாத்திக் காட்டினது நான்தான். பொய் சொல்ட்டேன்" என்றேன். முதலில் சிரித்தது நம் ஊர்க்காரர்களே. பழக்கதோஷம். நான் வாயைத் திறந்தால் சிரிப்பது என்று முப்பது வருடமாகப் பழக்கிவிட்டேனே. அதிகாரி பைலைப் புரட்டினார், என் கையெழுத்து இருந்த தாளை எடுத்தார். கோபமே இல்லாமல் கேட்டார்: "பெரியவரே, அன்னைக்குச் சொன்னது பொய்யா, இல்ல இன்னைக்குச் சொல்றது பொய்யா?" கூட்டம் இன்னும் சிரித்தது. "அன்னைக்குத்தான் ஐயா." "சரி. அப்ப வந்து மேப்புல சரியான எடத்தக் காட்டுங்க."

நான் நகரவில்லை. நாலு குப்பத்து ஆட்கள் எதிரே உட்கார்ந்திருக்க, சத்தியம் பண்ணினவன் எப்படிக் காட்டுவேன்? காட்டினால் ஊர் என்னைத் தள்ளிவைக்கும், காட்டாவிட்டால் நடுப்பாடு மண்ணுக்குள் போகும். கோதண்டம் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான், "உக்காருயா, இருக்கறதையும் கெடுக்காத." உட்கார்ந்தேன். "எழுத்து மூலமா ஆட்சேபணை கொடுக்க கார்த்திகை முடியற வரைக்கும் டைம் இருக்கு, ஆதாரத்தோட கொடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நீ ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு கீபோர்டைப் பார்த்துக்கொண்டாய்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அன்று சாயங்காலம் நீ போன் செய்து என்ன சொன்னாய் என்பதை உன் அம்மாவும் கேட்டாள், ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். "ஏன் நைனா ஆடியிலயே சொல்லல? மேப்பு எங்க ஆபீஸ்ல கையெழுத்தாகிப் போயிடுச்சு. சரிபார்த்தேன்னு கீழ என் பேர் கீது. இப்ப நானே போயி தப்புன்னு சொன்னா, எங்கப்பன்தான் ஏமாத்துனான்னா சொல்லுவேன்? வேல போயிடும் நைனா. கல்யாணத்துக்கு மூணு மாசம்கூட இல்ல. எது சரியான எடம்னு எனக்குத் தெரியாது. தெரியாதத எப்படிச் சொல்லுவேன்?" நான் வழக்கம் போல ஏதோ ஜோக் அடிக்கப் பார்த்தேன். நீ போனை வைத்துவிட்டாய். உன் அம்மா எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். "உன் பொய்ய நீயே பொறுக்கு" என்றாள். பத்து நாளாக எனக்குச் சோறு போடும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இடையில் மழை பிடித்தது. மாரியோடு உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரணி ஆற்றில் செந்தண்ணீர் வந்து ஏரியில் விழுந்தது, ஏரி வாங்கிக்கொண்டது. அந்தத் தண்ணீர் முதலில் பரவி நிற்பது நடுப்பாட்டில்தான். அங்கே மேடு போட்டால் அது வேறு இடம் பார்க்கும். எங்கே பார்க்கும் தெரியுமா? உனக்குப் பெண் கொடுக்கப் போகிற வீட்டுக்காரரின் வயலைப் பார்க்கும். போன வாரம் தாம்பூலம் பேசப் போனபோது அவர் என்னை வரப்பில் கூட்டிக்கொண்டு போய் நாற்று காட்டினார். "சம்மந்தி, போர் தண்ணி உப்பாயிடுச்சி, மழைய நம்பித்தான் பயிர் கீது. இந்த வருசம் நல்லா வந்தா கல்யாணச் சாப்பாட்டு அரிசி இதுதான்" என்றார். நான் இறாலைப் பற்றிப் பேசி அவரைச் சிரிக்க வைத்துவிட்டு வந்தேன். அவர் வயலைக் கெடுக்கக்கூடியவன் பக்கத்தில் நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாது.

ஊர் வளரக் கூடாது என்று நான் சொல்பவன் இல்லை சேகரு. உன் சம்பளம் அந்த வளர்ச்சியில்தான் வருகிறது, எனக்குக் கண் ஆபரேஷன் நடந்ததும் அதில்தான். மீஞ்சூர்ப் பக்கம் கடல் தண்ணீரை நல்ல தண்ணீர் ஆக்கி நகரத்துக்கு அனுப்புகிறார்கள், குடிக்கட்டும். பாதித் தமிழ்நாடும் அங்கே வந்துவிட்டது, எல்லாருக்கும் வீடு வேண்டும், ரோடு வேண்டும். ஆனால் மேப்பு போடுகிறவனுக்கு ஒன்று சொல்வேன், இதுதான் உனக்கு நான் கொடுக்கிற புத்திமதி, கல்யாணப் பரிசு என்றும் வைத்துக்கொள். உனக்குத் தெரியாத இடத்தைக் காலி என்று எழுதாதே. தெரியவில்லை என்று எழுது. அதற்கென்று ஒரு நிறம் வைத்துக்கொள். ஒரு கோடு போடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது, எப்படிப் போகிறது என்று போய்ப் பார்த்துவிட்டுப் போடு. ரோடு எங்கே போட்டாலும் வண்டி அதில் போகும். தண்ணீர் அப்படிக் கேட்காது. நாலாவது மாடியிலிருந்து பார்த்தால் எல்லா இடமும் காலியாகத்தான் தெரியும். என்னை மாதிரி ஒரு கிழவன் கையெழுத்தை நம்பிவிடாதே. இரண்டாவது ஆளைக் கேள், முடிந்தால் ஒரு பொம்பளையைக் கேள். அன்றைக்கு அந்த அளவைக்காரி உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இறால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கூடையைக் காட்டியே சொல்லியிருப்பாள்.

நேற்று வலைக்கூடத்தில் ஊரைக் கூட்டச் சொன்னேன். நடுப்பாட்டின் எல்லையை அளந்து எழுதிக் கொடுக்க ஊர் அனுமதிக்க வேண்டும் என்று கேட்டேன். ஒரே சத்தம்.

"மேப்புல போட்டா நாளைக்கு எல்லா ஊர்க்காரனும் வந்து வலை போடுவானே" என்றான் ஒருவன்.

"போடலன்னா லாரி வந்து மண்ணு போடுவான். எவன் வந்தா பரவால்ல, நீயே சொல்லு" என்றான் மாரி. அவன் சபையில் பேசி நான் கேட்டதே இல்லை.

"யாரு அளக்கறது? இந்தாளா? இவன் காட்டி நம்புவானா அந்த ஆபீசரு?" என்றான் கோதண்டம்.

"என் பையன் அளப்பான்" என்றேன். "அவன் சொன்னா ஆபீஸ் கேக்கும்."

"உன் பையன் பேரு நோட்டுல இல்லயே. கல்யாணம் தையிலதான? கார்த்திகை முடியறதுக்குள்ள எப்படிக் காட்டுவ? முறைய மாத்தறியா?"

அதுதான் சிக்கல். நோட்டில் இல்லாதவனுக்குக் காட்டக் கூடாது. உன் பெயர் ஏறுவதற்குள் கெடு முடிந்துவிடும். இரவெல்லாம் அதைத்தான் யோசித்துவிட்டு வந்திருந்தேன். நோட்டில் பெயர் ஏற இன்னொரு வழி இருக்கிறது. ஒரு தலைக்கட்டு செத்தாலோ, தானாக விலகினாலோ, அவன் இடத்தில் பிள்ளை பெயரை எழுதலாம். கல்யாணம் ஆக வேண்டும் என்று அதற்கு முறை இல்லை. "சாவறதுக்கு இப்ப எனக்கு நேரமில்ல" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "என் பேர அடிச்சிட்டு அவன் பேர எழுது" என்றேன்.

கோதண்டம் நோட்டை மடியில் எடுத்து வைத்தான். அவனுக்கும் எனக்கும் நாற்பது வருடப் பகை, உனக்குத் தெரியும். "யோவ், அப்புறம் உனக்கு மொறை வராது. சீட்டுல உன் பேரு இருக்காது. ஏரிக்குள்ள நீ வலை எறக்க முடியாது, புரியுதா?" என்றான். புரிகிறது என்றேன். நோட்டைத் திறந்து என் பெயர்மேல் கோடு போட்டான். மை ஓடவில்லை என்று பேனாவை உதறிக்கொண்டான். பக்கத்திலேயே தனசேகர் என்று எழுதினான். எழுதிவிட்டு, "நல்லா படிச்ச பேரு, ஸ்பெல்லிங் சரியானு வந்து பாக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

இன்று காலையில் பழக்கத்தில் கரைக்குப் போனேன். வாடைக்காற்று நன்றாக இருந்தது. மாரி படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். நான் கயிற்றில் கை வைத்தேன், அப்புறம் எடுத்துவிட்டேன். அவன் படகில் ஏறிக் கழியை ஊன்றினான். கரையில் நின்று என்ன செய்வது என்று தெரியவில்லை. நாய்கூட என்னைப் புதிதாகப் பார்க்கிறது. உன் அம்மா மீன் கூடையை எடுத்து வைத்துக்கொண்டே, "இனிமே நீயும் என்கூட பொன்னேரி மார்க்கெட்டுக்கு வா. எறா அங்கேர்ந்துதானே வருது" என்றாள். நீ ஆறு வயதில் கேட்டதை அவளும் மறக்கவில்லை. சிரித்தாளா என்று தெரியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வா. வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்துவிடு. அந்த அளக்கிற மிஷினை எடுத்து வா. ஷூ வேண்டாம், சேறு. மாரி கழி ஊன்றுவான். இந்த முறை முன்னால் நீ உட்கார வேண்டும், நோட்டில் இருப்பது உன் பெயர். நான் நடுவில் உட்கார்ந்துகொள்கிறேன், கூலிக்கு வந்தவன் மாதிரி. எல்லை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, தண்ணீர் எப்படிச் சுற்றுகிறது, எதுவும் விடாமல் காட்டுகிறேன். வழியில் ஒரு ஜோக்கும் சொல்லமாட்டேன், அது உனக்கு வித்தியாசமாக இருக்கும், பொறுத்துக்கொள். முதலில் கங்கையம்மனுக்கு ஒரு சூடம் ஏற்றிவிட்டுப் போவோம். சத்தியம் உன்னிடம் இந்த முறை வேறு மாதிரி வாங்குவார்களாம். ஊர் அனுமதித்த ஆளிடம் மட்டும் எல்லையைச் சொல்லலாம் என்று சேர்த்திருக்கிறார்கள். கோதண்டம் யோசனை. பகைவனுக்கும் மூளை இருக்கிறது.

அளந்த பிறகு அதை நீ ஆபீஸில் கொடுப்பாயா, கொடுத்தால் அவர்கள் மாற்றுவார்களா, உன் வேலை இருக்குமா, எனக்குத் தெரியாது. மேப்பு மாறாமலே போகலாம். லாரி வரலாம். எனக்கு நம்பிக்கை அதிகமில்லை, உன்னிடம் பொய் சொல்லக் கூடாது என்பதால் இதையும் எழுதுகிறேன். என் கையெழுத்துப் போட்ட தாளும் உன் ஆபீஸ் பைலில்தான் இருக்கும், அதில் இருப்பது பொய் என்று நானே எழுதித் தருகிறேன். என்னைப் பைத்தியம் என்றோ திருடன் என்றோ எழுதிக்கொள்ளலாம், நான் கோர்ட்டுக்கு வரமாட்டேன். என்ன செய்வது என்பது உன் பாடு. நான் கேட்கப் போவதில்லை, உன் அம்மாவையும் கேட்க விடமாட்டேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ திரும்பி மீஞ்சூரில் ரயில் ஏறும்போது, பையில் அந்த மிஷின் இருக்கும், அதில் நடுப்பாடு இருக்கும். அதற்குப் பிறகு, எனக்குத் தெரியாது நைனா என்று நீ சொல்ல முடியாது. அந்த ஒரு வசதியை உன்னிடமிருந்து எடுத்துவிடத்தான் என் பெயரை அடித்துக்கொண்டேன்.

இப்படிக்கு,
நோட்டில் பெயர் இல்லாத உன் நைனா